பாலை மரம்: வறண்ட மணற்பாங்கான நிலத்தில் வளர்ப்பு

பாலை என்பது சப்போட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்த, ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் பெருமரம். இதன் அறிவியல் பெயர் மணில்காரா எக்சாண்ட்ரா. இலுப்பை, மகிழம், சப்போட்டா ஆகியவை இதன் நெருங்கிய உறவு மரங்கள். தென்னிந்தியாவின் வறண்ட சமவெளிகளிலும் இலங்கையின் வறண்ட வலயத்திலும் இது இயற்கையாக வளர்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கோயில்காடுகளில் வீரை, காசான், உசில் முதலிய மரங்களோடு இதையும் காணலாம்.

குறைந்த மழை, நீர் தங்காத மண், நீண்ட கோடை ஆகிய மூன்றையும் தாங்கக்கூடிய மரம் இது. ஆனால் கன்றுப் பருவத்தில் மிக மெதுவாக வளர்வதால் இதை நட்டு வளர்ப்போர் குறைவு. முதல் சில ஆண்டுகளில் கன்று என்ன செய்கிறது என்பதை அறிந்தால், குளத்தூர் வட்டாரம் போன்ற வறண்ட பகுதிகளிலும் பாலையை வளர்த்துவிட முடியும்.

பெயர் விளக்கம்

தமிழில் பாலை என்ற பெயரை ஏந்திய மரங்கள் பல உள்ளன. வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை ஆகிய மூன்றும் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்கட்டுரை கூறும் பாலை அவற்றிலிருந்து வேறுபட்டது. கிள்ளினால் பால் வடிவது இவை அனைத்துக்கும் பொது என்பதால் பெயரும் ஒன்றுபோல் அமைந்தது. சங்க இலக்கியத்தின் பாலைத் திணைக்குப் பெயர் தந்த மரம் இவற்றுள் எது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

இதன் மரத்தில் உலக்கை செய்ததால் உலக்கைப்பாலை என்ற பெயரும் உண்டு. இலங்கைத் தமிழர் இதைப் பாலை என்றும், கனியைப் பாலைப்பழம் என்றும் வழங்குவர். சிங்களத்தில் இதன் பெயர் பலு. குஜராத்தில் ராயண் என்றும் வட இந்தியாவில் கிர்னி என்றும் அழைப்பர்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையின் தாவரங்களை விவரித்த வில்லியம் ராக்ஸ்பர்க், இதை மகிழமரத்தின் பேரினத்தில் சேர்த்திருந்தார். பின்னர் இது சப்போட்டாவின் பேரினமான மணில்காராவுக்கு மாற்றப்பட்டது. எக்சாண்ட்ரா என்ற சொல், மலரில் ஆறு மகரந்தத் தாள்கள் இருப்பதைக் குறிக்கிறது.

ஓக் மரமும் பாலை மரமும்

ஐரோப்பிய நாடுகளின் கதைகளிலும் பாடங்களிலும் உறுதிக்கும் நீண்ட வாழ்வுக்கும் எடுத்துக்காட்டாக வருவது ஓக் மரம். இந்தியாவில் ஓக் இனங்கள் இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் உள்ளன. தமிழ்நாட்டின் இயற்கைக் காடுகளில் ஓக் இல்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக், பெயரில் மட்டுமே ஓக். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறொரு குடும்பத்து மரம்.

ஓக் மரத்தோடு ஒப்பிடத்தக்க இடத்தைத் தமிழ்நாட்டின் வறண்ட சமவெளியில் பாலைக்குத் தரலாம். இரண்டும் மெதுவாக வளர்பவை, கடினமான மரம் தருபவை, பல தலைமுறைகள் நிற்பவை. இரண்டின் விதைகளையும் நெடுநாள் சேமிக்காமல் புதிதாகவே விதைக்க வேண்டும். இரண்டும் முளைத்தவுடன் தண்டை விட வேருக்கே முதலிடம் தருகின்றன. இந்தக் கடைசி ஒற்றுமைதான் வளர்ப்பு முறைக்கு அடிப்படை.

மரத்தின் இயல்புகள்

பாலையின் இலைகள் தடித்துத் தோல்போல் இருக்கும். அடிப்பகுதி குறுகியும் நுனிப்பகுதி அகன்றும், நுனியில் சிறு வெட்டோடும் காணப்படும். கிளை நுனிகளில் இலைகள் கொத்தாக நெருங்கி நிற்கும். தடித்த இலை நீராவிப்போக்கைக் குறைக்கிறது. கோடையில் இலையுதிர்க்காமல் மரம் நிற்பதற்கு இதுவும் ஆழமான வேரும் காரணம்.

பூக்கள் சிறியவை, வெளிர் நிறமானவை. கனி வேப்பம்பழ அளவில் இருக்கும், பழுத்ததும் மஞ்சளாகும். உள்ளே பெரும்பாலும் ஒரே விதை, பளபளப்பான பழுப்பு நிறத்தில் இருக்கும். சதை மிகவும் இனிப்பு. ஆனால் பால் உள்ளதால் அதிகம் தின்றால் உதட்டில் ஒட்டும்.

மரத்தின் வைரம் செந்நிறமானது, மிகவும் கனமானது, நீரில் மூழ்கக்கூடியது. உலக்கை, செக்கு, வண்டிப் பாகங்கள் ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. இலங்கையில் தண்டவாளக் கட்டைகளாகவும் இதைப் பயன்படுத்தினர். பயன் மிகுதியாக இருந்ததே இந்த மரத்துக்குக் கேடாகவும் முடிந்தது. ஒரு மரத்தை வெட்ட ஒரு நாள் போதும். அதன் இடத்தில் அதே பருமனுள்ள மரம் நிற்க மனித ஆயுள் ஒன்று போதாது.

குளத்தூர் வட்டாரத்தின் மண்ணும் மழையும்

குளத்தூர், கீரனூருக்கு அருகில் உள்ள ஊர். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று வட்டங்களில் குளத்தூரும் ஒன்று. மற்றவை ஆலங்குடியும் திருமயமும். 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. இன்றைய குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம் கீரனூர்.

இப்பகுதியில் ஆண்டு முழுவதும் நீரோடும் பெரிய ஆறு இல்லை. மழைநீரைத் தேக்கும் கண்மாய்களையும் குளங்களையும் நம்பியே வேளாண்மை நடந்தது. ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 800 முதல் 900 மில்லிமீட்டர். இதில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் சில பெருமழைகளாகக் கொட்டிவிடும். தை மாதத்துக்குப் பின் நீண்ட வறட்சி தொடங்கும்.

மண் பெரும்பாலும் மணல் கலந்த செம்மண். சில இடங்களில் சரளையும் செம்புறாங்கல்லும் பாறையும் மேலேயே தெரியும். மணலின் துகள்கள் பெரியவை, இடைவெளிகளும் பெரியவை. ஆகையால் நீர் விரைவாகக் கீழிறங்கிவிடும். மேல்மண் சில நாட்களில் காய்ந்துவிடும். கீழே இறங்கிய நீரோ ஆழத்தில் பல வாரங்கள் ஈரமாக இருக்கும். மணற்பாங்கான நிலத்தில் ஒரு மரம் பிழைப்பதும் பட்டுப்போவதும், அதன் வேர் கோடைக்கு முன் அந்த ஈரத்தை எட்டுவதைப் பொறுத்தது.

வளராதது போல் தோன்றும் ஆண்டுகள்

பாலைக் கன்று முதல் ஓரிரு ஆண்டுகளில் மண்ணுக்கு மேல் மிகக் குறைவாகவே உயரும். சில கன்றுகள் ஓர் ஆண்டில் ஒரு முழம்கூட எட்டுவதில்லை. அதே நாளில் நட்ட வேம்பும் புங்கமும் ஆள் உயரம் ஆகியிருக்கும். அப்போது பாலைக் கன்றைப் பார்ப்பவர், மண் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி நீர் ஊற்றுவதை நிறுத்திவிடுவார்; அல்லது வளர்ச்சியைத் தூண்டுவதாக எண்ணி நாள்தோறும் சிறிது சிறிதாக நீர் ஊற்றுவார்.

இரண்டும் தவறானவை. கன்று இக்காலத்தில் ஆணிவேரைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. நீர் முற்றிலும் நின்றால் வேர் ஆழத்தை எட்டும் முன்பே கன்று காய்ந்துவிடும். நாள்தோறும் மேலாக ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே பரவிவிடும். பிறகு ஒரு கோடையில் நீர் தவறினாலும் மரம் தாங்காது. இடைவெளி விட்டு, ஆழமாக நனையும்படி நீர் தருவதே சரியான முறை.

விதையும் நாற்றும்

பாலைப்பழம் கோடையில் பழுக்கிறது. வைகாசி முதல் ஆடி வரை மரத்தடியில் விதை சேகரிக்கலாம். கோயில்காடுகளில் எடுப்பதானால் ஊராரிடம் கேட்டே எடுக்க வேண்டும். கோயில்காட்டில் ஒரு குச்சியும் ஒடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. காட்டில் முளைத்த கன்றைப் பிடுங்கி வருதல் கூடாது. ஆணிவேர் அறுபடுவதால் அது பிழைப்பதும் அரிது. காடும் ஒரு வாரிசை இழக்கும். பழங்களை உண்ணும் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் பங்கு விட்டு, விழுந்தவற்றில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது முறை.

1. சதையை நீக்கி, விதையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவிடக் கூடாது.
2. விதையோடு கடினமானது. கருவைத் தொடாமல் ஓட்டில் மெல்லிய கீறல் உண்டாக்கி, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்தால் முளைப்பு மேம்படும்.
3. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, ஓர் அடிக்குக் குறையாத ஆழமுள்ள பைகளில் நிரப்ப வேண்டும். ஆழமற்ற பையில் ஆணிவேர் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் நிலத்தில் நட்ட பிறகும் எளிதில் நேராவதில்லை.
4. பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். எல்லா விதையும் முளைக்காது. தேவைக்கு இருமடங்கு விதைப்பது நல்லது.
5. முதல் கோடை வரை லேசான நிழலில் வைத்து, பிறகு படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் விதைத்த நாற்றை மறு ஆண்டு ஐப்பசியில், ஏறத்தாழ 15 மாத வயதில் நடலாம்.

நடும் முறை

வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு மூன்று நல்ல மழை பெய்து, மண் ஓர் அடிக்கு மேல் நனைந்த பின் நட வேண்டும். இதற்குப் பிந்தினால் வேர் இறங்கக் கிடைக்கும் ஈரக் காலம் குறையும்.

குழி நீள, அகல, ஆழத்தில் ஒன்றரை அடி இருந்தால் போதும். சரளை நிலத்தில் கடப்பாரையால் அடிப்பகுதியை மேலும் ஓர் அடி தளர்த்திவிட வேண்டும். எடுத்த மண்ணோடு கண்மாய் வண்டலும் மக்கிய உரமும் கலந்து நிரப்பலாம். வண்டலின் நுண்துகள்கள் மணலின் இடைவெளிகளில் நீரைப் பிடித்துவைக்கும். கரையான் மிகுந்த இடங்களில் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்ப்பது வழக்கம். மரத்துக்கு மரம் 25 முதல் 30 அடி இடைவெளி தேவை.

சரிவின் கீழ்ப்பக்கத்தில் பிறைவடிவ வரப்பு அமைத்து, அதன் உட்பக்கம் கன்றை நட வேண்டும். வரப்புக்குள் நீர் வடியும் பரப்பு 10 சதுர மீட்டர் எனக் கொள்வோம். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் அப்பரப்பில் விழும் நீர் 200 லிட்டர். வழியில் பாதி ஊறிப்போனாலும் 100 லிட்டர் கன்றின் காலடிக்கு வந்து சேரும். குடத்தில் சுமந்தால் ஏழெட்டுக் குடம் ஆகும் நீர், ஒரே மழையில் செலவின்றிக் கிடைக்கிறது.

முதல் மூன்று கோடைகள்

நட்ட பின் வரும் மூன்று கோடைகளைக் கடந்த கன்று பெரும்பாலும் நிலைத்துவிடும். அக்காலத்தில் செய்ய வேண்டியவை:

நீர்: முதல் கோடையில் வாரம் ஒருமுறை, ஒரு கன்றுக்கு ஒரு குடம். இரண்டாம் கோடையில் இரு வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாம் கோடையில் கன்று வாடினால் மட்டும். ஆள் வசதி குறைந்த இடங்களில் கன்றுக்கு ஓர் அடி தள்ளி மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைக்கலாம். பானையின் சுவர் வழியே நீர் மெல்லக் கசிந்து வேருக்குச் சேரும்.

மூடாக்கு: காய்ந்த இலைதழை, வைக்கோல், நிலக்கடலைத் தோல் ஆகியவற்றைக் கன்றைச் சுற்றி ஒரு சாண் உயரம் பரப்பினால் மேல்மண் சூடும் ஆவியாதலும் குறையும். தண்டை ஒட்டாமல் சிறிது இடம் விட வேண்டும்.

வேலி: கன்றுக்கு முதல் எதிரி ஆடு. முதல் ஆண்டில் ஒரு முழ உயரமே உள்ள கன்றை ஆடு ஒருமுறை கடித்தால், ஓர் ஆண்டு வளர்ச்சி போய்விடும். சீமைக்கருவேல முள்ளை வட்டமாக அடுக்குவது செலவில்லாத வேலி. முள் மக்கி உதிர்வதால் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

துணைச்செடி: பாலைக் கன்று ஓரளவு நிழலைத் தாங்கும். ஆவாரை, நொச்சி போன்ற புதர்களைத் தென்மேற்குப் பக்கம் வளர்த்தால் மாலை வெயிலும் காற்றும் தணியும்.

புதுச்சேரிக்கு அருகே 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், அரிக்கப்பட்ட செம்மண் மேட்டுநிலத்தில் காட்டை மீட்டெடுத்த முறையும் இதை ஒட்டியதே. அங்கு முதலில் வரப்புகள் போட்டு மழைநீரை நிறுத்தினர். விரைவில் வளரும் மரங்களை முன்னோடியாக நட்டு, அவற்றின் நிழலில் இப்பகுதிக்கே உரிய வறண்ட பசுமைக்காட்டு மரங்களை வளர்த்தனர்.

சப்போட்டா ஒட்டில் பாலை

பாலைக்கு இன்றும் வணிகத் தேவை உள்ள இடம் நாற்றுப்பண்ணை. சப்போட்டாக் கிளையைப் பாலை நாற்றின் மேல் ஒட்டுக்கட்டி விற்கின்றனர். வறட்சியைத் தாங்கும் பாலை வேரும் பெரிய கனி தரும் சப்போட்டாக் கிளையும் ஒரே மரமாகின்றன. வீட்டுத் தோட்டத்துச் சப்போட்டாவில் ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளையை விட்டுவிட்டால், அதில் சப்போட்டாவுக்குப் பதில் சிறிய மஞ்சள் கனி காய்க்கக்கூடும், அது பாலைப்பழம். எனவே அத்துளிர்களை நீக்கிவிடுவர். பாலை மரம் என்றால் என்னவென்று அறியாத வீடுகளிலும் அதன் வேர் இவ்வாறு இருந்துவருகிறது.

உயிரினங்களோடு உறவு

கோடையில் மற்ற உணவு குறைந்திருக்கும் காலத்தில் பாலை பழுப்பதால் கொண்டைக்குருவி, மைனா, குயில், பழந்தின்னி வௌவால் முதலியவை இதை நாடி வருகின்றன. இலங்கையின் வில்பத்து, யால காடுகளில் பாலைப்பழக் காலத்தில் கரடிகள் மரமேறித் தின்பது புகழ்பெற்ற காட்சி. வன்னிப் பகுதியில் மக்களும் இக்கனியைச் சேகரித்து விற்கின்றனர். பறவைகளும் விலங்குகளும் விதையைத் தொலைவுக்குக் கொண்டுசென்று போடுகின்றன. தாய்மரத்தின் அடியில் விழுவதை விட, வேறொரு புதரின் நிழலில் விழும் விதைக்கு வாய்ப்பு அதிகம்.

இன்றைய நிலை

புதுக்கோட்டை மாவட்டத்தில் பரந்த நிலங்கள் தைலமரத் தோட்டங்களாக உள்ளன. 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் இங்குத் தைலமரமும் முந்திரியும் வளர்த்துவருகிறது. தைலமரம் சில ஆண்டுகளில் காகிதக் கூழுக்காக வெட்டப்பட்டுப் பணம் தந்துவிடும். நிலத்தடி நீர் குறைகிறது, கண்மாய்களுக்கு நீர்வரத்து தடைபடுகிறது என்ற குறை அத்தோட்டங்களைப் பற்றி விவசாயிகளிடம் உண்டு. ஆனால் கடனும் செலவும் உள்ள ஒரு விவசாயி, பேரன் காலத்தில் பயன் தரும் மரத்துக்குத் தன் நிலம் முழுவதையும் ஒதுக்க முடியாது என்பதும் உண்மை.

ஆகவே பாலைக்கு ஏற்ற இடங்கள் வேறு. கண்மாய்க் கரையின் வெளிப்புற ஓரம், ஊர்ப் புறம்போக்கு, கோயில் நிலம், பள்ளி வளாகம், தோட்டத்தின் எல்லை ஆகிய இடங்களில் ஆண்டு வருமானம் எதிர்பார்க்கப்படுவதில்லை. அங்கு நிற்கும் மரம் நிழலும் கனியும் தருவதே போதுமானது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில் இம்மாவட்டத்தில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. இழந்த இடத்தில் எதை நடுவது என்ற கேள்விக்கு, விரைவில் வளர்வதோடு நெடுநாள் நிற்பதையும் கலந்து நடுவதே பொருத்தமான விடை.

கோயில்காடுகளுக்கும் கவனம் தேவை. ஆடுமாடுகள் தடையின்றி மேயும் காட்டில் விதை முளைத்தாலும் கன்று நிலைப்பதில்லை. முதிய மரங்கள் மட்டும் நிற்கும் காடு பார்வைக்குப் பசுமையாக இருந்தாலும், அவை ஒவ்வொன்றாக விழும்போது அவ்விடத்தை நிரப்ப இளமரம் இருக்காது. காட்டின் ஒரு மூலையை மட்டும் சில ஆண்டுகள் முள்வேலியிட்டுக் காத்தால், உள்ளே இயற்கையாக முளைத்தவையே எழும்பிவிடும். நடுவதை விட இதற்குச் செலவும் உழைப்பும் குறைவு.

மாணவர்கள் செய்யத்தக்கவை

பள்ளி வளாகத்தில் பாலை நடும்போது, ஒரே வகுப்பு ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அதே கன்றைக் கவனித்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்யலாம். கன்றுக்குத் தேவையான மூன்று கோடைகள் அக்காலத்துக்குள் அடங்கிவிடும். கன்றின் உயரம், இலைகளின் எண்ணிக்கை, மழையளவு, நீர் ஊற்றிய நாள் ஆகியவற்றை மாதந்தோறும் குறிப்பேட்டில் பதியலாம். உயரம் கூடாத மாதங்களிலும் பதிவைத் தொடர வேண்டும். வேம்புக் கன்று ஒன்றை அருகில் நட்டு இரண்டின் வளர்ச்சியையும் வரைபடமாக வரைந்தால், மரங்கள் வறட்சியை எதிர்கொள்ளும் இரு வேறு வழிகள் தெளிவாகத் தெரியும். எட்டாம் வகுப்பு முடியும்போது குறிப்பேட்டை அடுத்து வரும் ஆறாம் வகுப்பிடம் ஒப்படைத்தால், கன்றின் பதிவும் பராமரிப்பும் இடையில் அறுந்துபோகாது.